கொப்பரை இங்கே, குச்சி அங்கே

வோஸ்
ஆகஸ்ட் 3, 1962

தம்பி ஹால்டோருக்கு,

அப்பாவை அடக்கம் செய்த பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நலமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய். கோபமாக இருப்பவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை, என்னையே பார்க்கிறேனே.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் கூரோவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கும் ஓட்மண்டின் இரண்டாவது மகன். பையன் நல்லவன், அதிகம் பேசமாட்டான். அந்த வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவன் அப்பாவே பேசி முடித்துவிடுகிறார். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை என்று தேவாலயத்தில் நாள் வாங்கியாயிற்று.

பெண் வீட்டுக் கொப்பரையில் காய்ச்சிய பீர்தான் கல்யாணத்தில் கிண்ணம் கிண்ணமாகச் சுற்ற வேண்டும். அப்பா இல்லை. என் வீட்டுக்காரர் ஓலாவுக்குக் குடிக்கத் தெரியும், விறகு பிளக்கத் தெரியும், நடுவில் இருக்கும் எதுவும் தெரியாது. அதனால் நான்தான் காய்ச்சப் போகிறேன். இதைச் சொன்னதும் ஓட்மண்ட் எப்படிச் சிரித்தார் தெரியுமா? எங்கள் மேசையில் உட்கார்ந்து, எங்கள் காப்பியைக் குடித்துக்கொண்டே சிரித்தார்.

"என்ன சம்பந்தியம்மா, கொப்பரைப் பக்கம் பொம்பளைங்க விறகு தூக்கிட்டு வந்துதான் பாத்திருக்கேன். எதுக்கு வீண் சிரமம்? ரெண்டு பீப்பா நம்ம வீட்டுலேர்ந்து கொண்டாறேன். கல்யாணத்தன்னைக்கு மானம் போகக் கூடாது பாருங்க."

"உங்க பீப்பாவைத் தொறக்கிற நெலம வந்தா நான் அந்த ஏரியிலயே எறங்கிடுறேன்" என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் பாதி உண்மை. அந்தப் பீப்பாய்கள் திறந்தால், அப்பா ஐவினோடு அந்தப் பண்ணை முடிந்தது, அவர் பெண் பாத்திரம் கழுவத்தான் லாயக்கு என்று இந்த ஊர் என் பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்.

செப்புக் கொப்பரை இங்கே இருக்கிறது. அளவுக் குச்சி உன்னிடம் இருக்கிறது. அந்தக் குச்சியில் உள்ள இரண்டு வெட்டும் இந்தக் கொப்பரைக்காகப் போட்டவை. மேல் வெட்டு வரை முளைத்த பார்லியின் சாற்றை ஊற்றவேண்டும், கீழ் வெட்டு வரை வற்றவிட வேண்டும். உலகத்தில் வேறு எந்தப் பாத்திரத்துக்கும் அது உதவாது. பெர்கனில் மூன்றாவது மாடியில் அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்கிறாய்? கஞ்சி கிண்டுகிறாயா? ரயிலில் அனுப்பிவை.

சுன்னிவா


பெர்கன்
ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தில் நாள் இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறான், சம்பந்தி இருக்கிறான், ஏரிகூட இருக்கிறது. "கல்யாணத்துக்கு வா" என்ற ஒரு வரியைத் தேடினேன், காணவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். உறையைப் பிரித்து உள்ளேயும் பார்த்தேன். கூரோவுக்கு என் வாழ்த்தைச் சொல். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

அப்பாவை அடக்கம் செய்த பிறகு கொப்பரையை நான் கேட்டபோது நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பாதிரியார் இருந்தார், சித்தப்பா இருந்தார், எல்லோர் முன்னாலும் சொன்னாய். "கொப்பரை இந்த வீட்டோடது, அது எங்கயும் வராது. குச்சிதானே, எடுத்துட்டுப் போ. மரக்கட்டைதானே அது." எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு மரக்கட்டை, இன்றைக்கு அளவுகோலா?

நான் இங்கே துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளை அளந்து சம்பளம் வாங்குகிறவன். தினமும் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, நாடாவை இறக்கி, எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. அளவு என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுக்காதே.

குச்சியை அனுப்ப முடியாது. காரணம் கேட்காதே. வேறு ஒன்று வெட்டிக்கொள். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஹால்டோர்


வோஸ்
ஆகஸ்ட் 26

ஹால்டோருக்கு,

வெட்டிக்கொண்டேன். தெரிந்துகொள்ள ஆசைப்படுவாய் என்பதால் எப்படி என்றும் சொல்கிறேன்.

அப்பா எப்போதும் பதினைந்து வாளி சாறு ஊற்றுவார். வாளியைத் தூக்கிக் கொடுத்தவளே நான், எனக்குத் தெரியாதா? எத்தனை வாளியாக வற்ற வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியாது. சாறு கொதிக்க ஆரம்பித்ததும் அப்பா என்னை வெளியே அனுப்பிவிடுவார். ஆனால் வோஸில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: பாதியாக வேண்டும். அப்பாவும் அதையேதான் சொல்வார். ஆகவே ஏழரை வாளித் தண்ணீரைக் கொப்பரையில் ஊற்றி, துடைப்பக் கட்டையை நட்டு, தண்ணீர் தொட்ட இடத்தில் ஒரு வெட்டு. உன் குச்சி யாருக்கு வேண்டும் என்று அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

புல் அறுப்பு முடிந்த விருந்துக்கு அந்த அளவில் காய்ச்சினேன். அதே மால்ட், வாசனைக்குப் போடும் அதே ஜூனிப்பர் கிளை, அப்பா விட்டுப்போன அதே ஈஸ்ட். சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். ஓட்மண்டும் படகில் வந்து இறங்கினார், கூப்பிடாமலே.

பீர் கெட்டுப்போகவில்லை. கெட்டிருந்தால் பன்றிக்கு ஊற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அப்பாவின் பீரை யாராவது "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? இரண்டாவது கிண்ணத்தில் பேச்சு நின்றுவிடும். எதிரில் இருப்பவன் வேலித் தகராறில் கோர்ட்டுக்கு இழுத்தவனாக இருந்தாலும் அவன் முகத்தைப் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் பீரைக் குடித்துவிட்டு எல்லோரும் உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றித் தெளிவாகப் பேசினார்கள்.

ஓட்மண்ட் கிண்ணத்தைக் காலி செய்து, மீசையைத் துடைத்தார். "நல்லாருக்கு சம்பந்தியம்மா. வெயிலுக்கு இதமா இருக்கு. பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குக்கூடக் குடுக்கலாம்."

சிரித்தார்கள், ஹால்டோர். என் வீட்டில் உட்கார்ந்து என் பீரைக் குடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஓலாவும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்ததும் இருமினார். கூரோ மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

எங்கே தவறியது என்று புரியவில்லை. குச்சியை அனுப்ப வேண்டாம். கீழ் வெட்டு அடியிலிருந்து எவ்வளவு உயரம் என்று மட்டும் எழுது. ஒரே ஒரு எண். இதைக் கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், அதனால் தாமதம் செய்யாதே.

சுன்னிவா


பெர்கன்
செப்டம்பர் 1

அக்கா,

பள்ளிக்கூடத்துப் பசங்களா? அந்த ஏரிக்கரைத் தவளையா அப்படிச் சொன்னது? இதைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் உன்னைத் திட்டலாம், அது நம் வீட்டு விவகாரம். அவன் யார்?

எண்ணைக் கேட்டாய். அந்த எண் என்னிடம் இல்லை. இப்போது சொல்லப் போவதைக் கேட்டுத் திட்டுவாய், திட்டிவிட்டு மேலே படி. மார்ச் மாதக் காற்றில் என் சமையலறை ஜன்னல் நிற்கவே இல்லை. முட்டுக் கொடுக்க ஒரு கட்டை வேண்டியிருந்தது. குச்சி அதற்கு ஒரு சாண் கூடுதல் நீளமாக இருந்தது. அடியில் அறுத்துவிட்டேன். அறுத்த துண்டு அடுப்புக்குப் போய்விட்டது. அதனால்தான் அனுப்ப முடியாது என்றேன். போதுமா?

இனி வேலையைப் பார்ப்போம். எங்கள் எண்ணெய்த் தொட்டிகளில் சில சமயம் அடியில் சேறு கட்டிக்கொள்ளும், நாடாவின் குண்டு தரையைத் தொடாது. அப்போது நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதில்லை. மேலிருந்து அளப்போம். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, மேலே எவ்வளவு காலியாக இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டும் ஒரே செய்திதான்.

குச்சிக்கு அடி போனால் போகட்டும், இரண்டு வெட்டுகளும் அப்படியே இருக்கின்றன. மேல் வெட்டு எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். கொப்பரையின் காதுகளை அறைந்த செப்பாணிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் மட்டம். எத்தனை முறை விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அந்த ஆணியிலிருந்து கீழ் வெட்டு எவ்வளவு ஆழம் என்பதுதான் உனக்கு வேண்டியது.

இந்த உறையில் ஒரு மீன்பிடிக் கயிறு வைத்திருக்கிறேன். முடிச்சிலிருந்து முடிச்சு வரை அந்த ஆழம். கயிறு நனைந்தால் சுருங்கும் என்று நீ ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: நனைத்து, இழுத்துக் காயவைத்த பிறகுதான் அளந்தேன். ஒரு முடிச்சை ஆணியில் மாட்டி, மறுமுனையில் கனமாக எதையாவது கட்டித் தொங்கவிடு. கொப்பரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்.

காய்ச்சும்போது இன்னொன்றும் கவனி. சாறு கொதித்துக்கொண்டிருக்கும்போது அளக்காதே, அப்போது குச்சி பொய் சொல்லும். தீயை இழுத்துவிட்டு, மேற்பரப்பு அடங்கட்டும். குச்சியில் சாக்குக்கட்டி தடவி இறக்கு. நனைந்த கோடு தெளிவாகத் தெரியும். இதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், உனக்கு இலவசம்.

ஹால்டோர்


வோஸ்
செப்டம்பர் 6

மரக்கட்டையை அறுத்த மகானுக்கு,

திட்டினேன். ஓலாவ் தொழுவத்திலிருந்து ஓடிவந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் அளவுக்குத் திட்டினேன். அப்பாவின் குச்சி ஜன்னலுக்கு முட்டு! சரி, மேலே படி என்றாயே, படித்தேன். இப்போது நீ உட்கார்ந்துகொள். நான் சொல்வதை நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

கயிற்றை ஆணியில் மாட்டி, கலப்பை ஆணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். கீழ் முடிச்சு தொட்ட இடத்தில் செம்பின் மேல் சாக்குக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர். ஏழரை வாளியில் புள்ளி நனைய வேண்டும் அல்லவா? ஆறாவது வாளியிலேயே நனைந்துவிட்டது.

எண்ணிக்கை தப்பிவிட்டது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் இறைத்துக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினோம். இந்த முறை ஓலாவ் பக்கத்தில் நின்று ஏலம் போடுகிறவர் மாதிரி உரக்க எண்ணினார். ஆறு. ஆறேதான்.

அதன் பிறகுதான் புள்ளி எங்கே இருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தேன். ஆணிக்கும் அடிக்கும் சரியாக நடுவில் இருந்தது, ஹால்டோர். ஒரு விரல்கூடத் தள்ளி இல்லை. புரிகிறதா உனக்கு? அப்பா பீரைப் பாதியாக்கவே இல்லை. குச்சியைத்தான் பாதியாக்கினார்! மேல் வெட்டு வரை ஒரு நூலைப் பிடித்து, இரண்டாக மடித்து, கீழ் வெட்டைப் போட்டிருப்பார். கொப்பரையின் அடி முட்டை மாதிரி உருண்டை. கீழ்ப்பாதியில் எப்போதும் குறைவாகத்தான் கொள்ளும். இந்த ஊரெல்லாம் பாதி என்று ஏழரையில் நிறுத்திக்கொண்டிருக்க, நம் அப்பா பாதி பாதி என்று சொல்லிக்கொண்டே ஆறு வரைக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறார். அதனால் வந்த வீரியத்தை நம் மலை ஜூனிப்பரின் குணம் என்றுதான் சாகும்வரை பீற்றிக்கொண்டார்.

சிரித்தேன். கொப்பரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. என் கை லாயக்கில்லை என்று இத்தனை நாளாக நானே நம்பத் தொடங்கியிருந்தேன். என் கை நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

ஆனால் இப்போது வேறு சங்கடம். ஆறு வாளி பீர் இந்தக் கல்யாணத்துக்குப் போதாது. ஏரியின் இரண்டு கரையும் வருகிறது. சாப்பாட்டு நடுவில் பீர் தீர்ந்தால் ஓட்மண்ட் தன் பீப்பாயைத் தட்டித் திறந்துவிடுவார். நீர்க்கவும் கூடாது, குறையவும் கூடாது. ஆகவே அடுத்தடுத்து இரண்டு கொப்பரை காய்ச்சப்போகிறேன், ஒன்று இறங்கியதும் அடுத்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆரம்பம்.

ஓலாவின் முதுகு இரண்டு கொப்பரை தாங்காது. அது போகட்டும், ஈஸ்ட் போடும்போது கத்த எங்களுக்கு ஒரு தொண்டை இல்லை. மனிதர் கத்தினால் வாலை மிதித்த பூனை மாதிரி இருக்கிறது. ஈஸ்ட் போடுகிறவன் மலை அதிரக் கத்தாவிட்டால் பீருக்கு எங்கிருந்து தெம்பு வரும்? மதிய ரயில் வோஸில் நிற்கிறது என்று கேள்விப்பட்டேன். நான் கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

சுன்னிவா


பெர்கன்
செப்டம்பர் 10

அக்கா,

இதை அழைப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். எடுத்துக்கொண்டுவிட்டேன்.

மேஸ்திரியிடம் விடுப்புக் கேட்டேன். "எங்கடா போறே?" என்றார். "ஊருக்கு, ஒரு பாத்திரத்தை அளக்கணும்" என்றேன். "இங்க அளக்கிறது பத்தலியா உனக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அப்பா தெரியாமல் செய்தார் என்று நீ எப்படி அடித்துச் சொல்கிறாய்? தெரிந்தேகூடச் செய்திருக்கலாம். இதைப் பற்றி நேரில் சண்டை போடுவோம். அதுவரை வேறு சண்டை வேண்டாம்.

ஆறு வாளி விஷயம் வெளியே போகக் கூடாது என்று ஓலாவ் மாமாவிடம் சொல்லிவை. அவர் எண்ணியதை ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை தொண்டையோடு வருகிறேன்.

ஹால்டோர்


பெர்கன்
அக்டோபர் 2

அக்கா,

கல்யாணம் முடிந்து வந்து இரண்டு நாள் யாரோடும் பேச முடியவில்லை. ஈஸ்டுக்குக் கத்தியதில் பாதித் தொண்டை போயிருந்தது, மீதியைக் கல்யாணப் பாட்டுகளில் விட்டுவிட்டேன். தொட்டி மேலே நின்று அளவைக் கையால் சைகை காட்டுகிறேன். கீழே நிற்கிறவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிடு போடுகிறார்கள்.

அந்த இரண்டாவது கொப்பரை என் கண்ணிலேயே நிற்கிறது. முதலாவதில் நம் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை, பயமும் இல்லை. இரண்டாவது கொதிக்கும்போது பாதி ஊர் வாசலில் வந்து நின்றுகொண்டது, ஓட்மண்ட் முன்னால். கொப்பரைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவன் கத்தியதைக் கேட்டாயே. "ஐயோ, பாதி தாண்டிப் போச்சும்மா! தீயை இழுங்க! கல்யாண பீரைக் கூரை வழியா ஆகாசத்துக்கு அனுப்புறியே!" சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார். "போதும் சுன்னிவா, பேச்சைக் கேளு." ஓலாவ் மாமா மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், தீயை இழுக்க நானும் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன். ஆவி அப்படிப் போய்க்கொண்டிருந்தது. நீ தீயை அடக்கச் சொன்னாய், ஆறு வாளிக்குப் புது வெட்டுப் போட்ட துடைப்பக் கட்டைக்குச் சாக்குக்கட்டி தடவினாய், இறக்கினாய், எடுத்துப் பார்த்தாய். "இன்னும் இருக்கு" என்றாய். அவ்வளவுதான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மறுபடி விறகைப் போட்டாய். எண்ணெய்க் கிடங்கில் எத்தனையோ பேர் அளப்பதைப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் மேலதிகாரி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அளவைச் சொல்வார்கள். எனக்கு அப்போது உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இதை நேரில் சொன்னால் நீ தலைமேல் ஏறி உட்காருவாய் என்றுதான் ரயிலேறிய பிறகு எழுதுகிறேன்.

கல்யாணத்தன்று நீ உள்ளே கூரோவின் கல்யாணக் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வெளியே நடந்ததை நீ பார்க்கவில்லை. முதல் கிண்ணத்தை நானே கொண்டுபோய் ஓட்மண்டிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்தான். கிண்ணத்துக்குள் பார்த்தான். இன்னொரு வாய். பக்கத்தில் இருந்தவன் கையை நீட்டினால் கிண்ணத்தைத் தரவில்லை. "இரு, சோதிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றான். மூன்று தரம் சோதித்தான். நான்காவது தரம் சோதித்துவிட்டு, வேலிக்காக முறைத்துக்கொண்டிருந்த அந்த மேட்டுப் பண்ணைக்காரன் தோளில் கை போட்டு, "நீ நல்லவன்டா, எனக்கு எப்பவுமே தெரியும்" என்று அழுதான். பாதிரியார் ஆட ஆரம்பித்ததைத்தான் நீயே பார்த்தாய்.

அவனுடைய இரண்டு பீப்பாயும் படகுத்துறை வண்டியில் சாக்குப் போட்டு மூடியிருந்தன. ஒருவரும் கேட்கவில்லை. வந்தபடியே திரும்பிப் போயின. ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போதும் நம் பீப்பாயில் அடியில் கொஞ்சம் ஆடியது.

ஆனாலும் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அத்தனையும் குடித்தான், அழுதான், இரண்டு பேர் தாங்கிப் பிடித்துப் படகில் ஏற்றினார்கள். "நல்லாருந்துச்சு சுன்னிவா" என்று ஒரு வார்த்தை சொன்னானா? உன் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். போதையில் சொல்லாதது தெளிந்த பிறகு வரவே வராது. இவனை எல்லாம் சம்பந்தி என்று எப்படி வாழ்நாள் முழுவதும் பொறுத்துக்கொள்ளப் போகிறாயோ!

ஹால்டோர்


வோஸ்
அக்டோபர் 8

ஹால்டோர்,

வந்தது. இன்று காலை, தெளிந்த தலையோடு, நல்ல வெயிலில் வந்தது.

பால் கறந்துவிட்டு வந்து பார்க்கிறேன், ஓட்மண்ட் வாசலில் நிற்கிறார். நம் மாப்பிள்ளை கீழே படகில் துடுப்போடு உட்கார்ந்திருக்கிறான். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. பனி சீக்கிரம் விழும் போலிருக்கிறது என்றார். ஆமாம் என்றேன். செம்மறிகள் மலையிலிருந்து இறங்கிவிட்டனவா என்றார். இறங்கிவிட்டன என்றேன். கூரோ நன்றாக இருக்கிறாள் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், கோட்டுக்குள் ஒரு கண்ணாடி ஜாடி வைத்திருந்தார், கழுவித் துடைத்துப் புதுசு மாதிரி பளபளவென்று.

"கொஞ்சம் ஈஸ்ட் வேணும்."

"உங்க வீட்டு ஈஸ்ட் கெட்டுப் போச்சா?"

"இல்ல. அது நல்லாத்தான் இருக்கு."

உதவி செய்திருக்கலாம், செய்யவில்லை. எத்தனை நாள் இந்த மனிதர் என் மேசையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்! அவரே சொல்லட்டும் என்று நின்றேன்.

தொப்பியைக் கழற்றினார். "உன்னுது வேணும், சுன்னிவா. கிறிஸ்துமசுக்குக் காய்ச்சணும். எங்க வீட்டுல எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க. எனக்கும்தான்."

தன் வீட்டில் நல்ல ஈஸ்ட் இருக்கும்போது இன்னொரு வீட்டு வாசலில் ஜாடியோடு நிற்பது என்றால், அந்த வீட்டு பீர் தன்னுடையதைவிட உசத்தி என்று ஒப்புக்கொள்வதுதான் இந்த ஊரில் அர்த்தம், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்மண்டின் அப்பா நம் தாத்தாவிடம் கேட்டதில்லை. இவர் நம் அப்பாவிடம் கேட்டதில்லை. என்னிடம் கேட்டார்.

எவ்வளவு வற்றவிட்டாய் என்றும் கேட்டார். மறைக்க எனக்கு மனம் வரவில்லை, உன்னிடம் கேட்காமலே உள்ளதைச் சொல்லிவிட்டேன். "பதினஞ்சு வாளி ஊத்தி ஆறுல நிறுத்தினேன்." அவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தார். "ஆறா? சரி சரி, சொல்ல வேணாம். தொழில் ரகசியம், எனக்குத் தெரியாதா?" சத்தியம் செய்தாலும் நம்பியிருக்கமாட்டார். எல்லாம் ஈஸ்டின் வேலை என்று முடிவு செய்துவிட்டார்.

ஜாடி நிறைய ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் நகரவில்லை. "குடிக்கிறவங்க யாரு ஈஸ்ட்னு கேப்பாங்க, சொல்லியாகணும். ஐவின் ஈஸ்ட்னே சொல்லிடவா? உங்கப்பா பேருதானே இதுக்கு."

அப்பா பெயர்தான். அப்பாவுக்கு முன்னால் தாத்தா பெயர். நீ கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள், நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா போய்ச் சேந்தாச்சு. காய்ச்சினது நான். சுன்னிவா ஈஸ்ட்னு சொல்லுங்க."

ஓட்மண்ட் யோசித்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனார், ஜாடியைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. நான் கதவை முழுதாகச் சாத்தவில்லை. படகில் ஏறும்போது அவர் மகனிடம் ஜாடியை நீட்டிச் சொன்னது தண்ணீர் மேல் தெளிவாக வந்தது.

"பாத்துடா, சாய்ச்சிராதே. சுன்னிவா ஈஸ்ட் அது."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்னொரு தரம் சொல்ல மாட்டாரா என்று இருந்தது.

உன் அக்கா